காருக்கு 12.5 சதுர மீட்டர்... பையன்களுக்கு எவ்வளவு? ஷூட்டர் கேம் மோகமும் நகரத் திட்டமிடலும்

"மச்சி, லாபிக்கு வா. ரெண்டு பேர் ரெடி."

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால், அடுத்த ஐந்தாவது நிமிடம் நான்கு பேர் எரேங்கல் தீவுக்கு மேலே விமானத்தில் பறந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் வேளச்சேரியில் இருப்பார், ஒருவர் பெரம்பூரில், இன்னொருவர் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பி.ஜி.யில். நான்காமவர் வேலை கிடைத்து பெங்களூரு போனவராகக்கூட இருக்கலாம். இதே நால்வரும் நேரில் சந்திக்கலாம் என்று முடிவெடுத்தால், எங்கே சந்திப்பது என்பதற்கே அந்த குரூப்பில் ஐம்பது மெசேஜ் ஓடும். கடைசியில், "சரி விடு, அடுத்த வாரம் பாக்கலாம்."

பப்ஜி, பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், கால் ஆஃப் டியூட்டி, வேலரன்ட் என இந்த கேம்களைப் பற்றி வீட்டில் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: "போனுக்கு அடிமை ஆயிட்டான்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும்படிதான் இவை வடிவமைக்கப்படுகின்றன. கேமிங் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தே விட்டது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால், ஆட்டத்தை ஆஃப் செய்துவிட்டு அந்த நால்வரும் வேறு எங்கே போவது என்பதை கேம் கம்பெனி முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது ஊரின் வரைபடம்.

எரேங்கலில் இருப்பது என்ன?

பப்ஜியின் முதல் மேப்பான எரேங்கல், 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் கொண்ட கற்பனைத் தீவு. 100 பேர் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். எந்த வீட்டுக் கதவையும் திறக்கலாம், எந்த மாடியிலும் ஏறலாம். "யாருப்பா நீ, எந்த பிளாக்?" என்று கேட்க வாட்ச்மேன் கிடையாது. நேரம் போகப் போக ஆட்ட வட்டம் சுருங்கி, சிதறிக் கிடப்பவர்களை ஓரிடத்துக்குத் தள்ளுகிறது. துப்பாக்கியை எடுத்துவிட்டுப் பார்த்தால், பதினைந்து வயதில் ஊர் சுற்றுவது என்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னும் பழைய உதாரணம், கவுன்டர் ஸ்டிரைக்கின் டஸ்ட் 2. டேவிட் ஜான்ஸ்டன் 2001-ல் உருவாக்கிய இந்த மேப் இன்றும் ஆடப்படுகிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக அதில் எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. நீளமான தெரு, குறுக்குச் சந்து, நடுவில் ஒரு வாசல், இருட்டான சுரங்கம். ஒரே வழி மட்டும் இருந்தால் ஆட்டம் செத்துவிடும் என்பது மேப் டிசைனர்களுக்குத் தெரியும். எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் அமெரிக்க நகரங்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்: தெருக்கள் குட்டையாக, திருப்பங்கள் நிறைய இருக்க வேண்டும், நடப்பவருக்கு வழி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டும். திட்டமிடுபவர்கள் பலர் காதில் வாங்காத பாடத்தை மேப் டிசைனர்கள் தொழில் தேவைக்காகவே கற்றுக்கொண்டார்கள்.

வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, போக இடம் இல்லை

இந்தக் கதை முதலில் துல்லியமாகத் தெரிந்தது அமெரிக்காவில். ஓஹியோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-ல் ஒரு தீர்ப்பு தந்தது. வீடு இருக்கும் பகுதியில் கடை கூடாது, தனி வீடுகள் இருக்கும் பகுதியில் அடுக்குமாடி கூடாது என்று நிலத்தைப் பிரித்து ஒதுக்க உள்ளூர் அரசுக்கு உரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டுண்ணியோடு ஒப்பிடும் வாசகமும் அதில் இருக்கிறது. இன்று படித்தால் கொஞ்சம் தூக்கிவாரிப்போடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த அச்சில்தான் புறநகரங்கள் வார்க்கப்பட்டன. நியூயார்க் அருகே 1947-ல் தொடங்கிய லெவிட்டவுனில் சில ஆண்டுகளிலேயே 17,000-க்கும் அதிகமான வீடுகள் எழும்பின. பின்னால் வந்த பல புறநகரங்களில் தெருக்கள் ஒரு முனையில் மூடியவை. டிராஃபிக் வராது, அமைதி. ஆனால் டீன் ஏஜ் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் கடையோ, தியேட்டரோ, சும்மா நிற்க ஒரு முனையோ கிடையாது. எங்கே போவதற்கும் கார் வேண்டும். கார் ஓட்ட வயது வேண்டும். அதுவரை அம்மாவோ அப்பாவோ ஓட்டியாக வேண்டும்.

விளைவு எண்ணாகவே தெரிகிறது. 1969-ல் 5 முதல் 14 வயது வரையிலான அமெரிக்கப் பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-ல் அது 13 சதவீதம்.

மிச்சமிருந்த இடம் ஷாப்பிங் மால். அங்கும் கதவு மூட ஆரம்பித்தது. மினசோட்டாவில் இருக்கும் பிரம்மாண்டமான மால் ஆஃப் அமெரிக்கா, 1996-ல் ஒரு விதி கொண்டுவந்தது: வெள்ளி, சனி மாலைகளில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையில்லாமல் வரக் கூடாது. பிள்ளைகள் தனியாக வெளியே போவதே சந்தேகத்துக்குரிய விஷயமாகிப்போனது. எவ்வளவு தூரம் என்றால், குழந்தை தனியாகப் பள்ளிக்கு நடப்பதோ வெளியே விளையாடுவதோ பெற்றோரின் புறக்கணிப்பு ஆகாது என்று யூட்டா மாநிலம் 2018-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்த இடைவெளிக்குள்தான் 2002-ல் எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தது. 2004 நவம்பரில் ஹேலோ 2 வந்தது. ஹெட்செட்டை மாட்டினால் நண்பர்கள் குரல் கேட்கும். ஒரு மேட்ச் முடிந்தாலும் குழு கலையாமல் அடுத்த மேட்சுக்குச் சேர்ந்தே போகும். இன்றைய ஷூட்டர்களின் 'ஸ்குவாட்' பழக்கத்துக்கு வழி போட்டது இந்த அமைப்பு. 2017 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் இலவசமாக வந்தபோது, இந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை தயாராக இருந்தது.

ஆய்வாளர் டானா பாய்ட் அமெரிக்கப் பதின்பருவத்தினரோடு பல ஆண்டுகள் பேசி 2014-ல் எழுதிய புத்தகத்தில் சொன்னதும் இதுவே: பிள்ளைகள் திரைக்குள் தேடுவது திரையை அல்ல, நண்பர்களை. வெளியே சந்திக்க விட்டால் பலர் அதைத்தான் விரும்புவார்கள். வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத பொது இடத்தை 'மூன்றாவது இடம்' என்றார் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க். நம்மூர் டீக்கடை பெஞ்ச் மாதிரி. ஆன்லைன் கேம்கள் அப்படியொரு மூன்றாவது இடமாகச் செயல்படுகின்றன என்று கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர், டிமிட்ரி வில்லியம்ஸ் இருவரும் 2006-ல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஷூட்டர்களை அல்ல, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் உலவும் ரோல் பிளேயிங் கேம்களை. ஆனாலும், ஆடத் தொடங்கும் முன் லாபியில் உட்கார்ந்து அரட்டை அடிப்பவர்களைப் பார்த்தால் அந்த வாதம் இங்கேயும் பொருந்துவது தெரியும்.

சோலில் திட்டம் நேரெதிர், முடிவு அதே

புறநகரம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டலாமா? தென் கொரியா அதைக் கெடுக்கிறது. அங்கே பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வசிப்பது அடுக்குமாடி பிளாக்குகளில். எல்லாமே நெருக்கம், நடக்கும் தூரம். ஆனாலும் அது உலகின் கேமிங் தலைநகரங்களில் ஒன்று.

காரணமே அந்த நெருக்கம்தான். ஒரு கட்டடத்துக்கு ஒரு கேபிள் இழுத்தால் நூறு வீட்டுக்கு பிராட்பேண்ட். தள்ளித் தள்ளி இருக்கும் நூறு வீடுகளுக்கு இழுப்பதைவிடச் செலவு பல மடங்கு குறைவு. ஷூட்டருக்கு நெட் வேகத்தைவிட முக்கியம் பிங். நீங்கள் ட்ரிக்கர் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் கொஞ்சம் கூடினாலும் எதிராளி தப்பிவிடுவான். நெருக்கமான நகரம், நல்ல கேபிள், குறைந்த பிங்: நகர அமைப்பு கேமுக்குள் நுழைவது இப்படியும்தான்.

அடுத்தது பி.சி. பாங் எனப்படும் கேமிங் கடைகள். 1997 நிதி நெருக்கடியில் வேலை இழந்தவர்களில் பலர் தொடங்கிய சிறு தொழில் இது. மறு ஆண்டே ஸ்டார்கிராஃப்ட் வந்தது. 2000-களின் தொடக்கத்தில் நாடெங்கும் இந்தக் கடைகள் 20,000-ஐத் தாண்டின. கீழே சாப்பாட்டுக் கடை, நடுவில் டியூஷன் சென்டர், மேலேயோ அடித்தளத்திலோ பி.சி. பாங் என ஒரே கட்டடத்தில் எல்லாம் இருக்க அங்குள்ள நில விதிகள் இடம் கொடுத்தன. அமெரிக்கப் புறநகரில் இப்படிக் கனவுகூடக் காண முடியாது. சின்ன ஃபிளாட்டில் நண்பர்களைக் கூப்பிட இடமில்லாத மாணவர்களுக்கு, டியூஷன் முடிந்ததும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடி ஆட ஓர் இடம். 2017-ல் அந்தக் கடைகளின் ஸ்க்ரீன்களைப் பிடித்தது உள்ளூர்த் தயாரிப்பான பப்ஜி.

அரசு பூட்டும் போட்டுப் பார்த்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை என்ற சட்டம் 2011 நவம்பரில் அமலுக்கு வந்தது. பத்து ஆண்டு ஓடியது. மொபைல் கேம் காலத்தில் பொருளற்றுப்போய், 2022 தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

பூங்கா கட்டினால் பப்ஜி ஒழிந்துவிடுமா?

ஒழியாது. பூங்காவுக்கும் பொது வெளிக்கும் பேர் போன ஸ்வீடனைப் பாருங்கள். கவுன்டர் ஸ்டிரைக்கின் முதல் 'மேஜர்' போட்டி 2013-ல் நடந்தது ஸ்வீடனில். இறுதிப்போட்டியில் மோதிய ஃப்னாட்டிக், நின்ஜாஸ் இன் பைஜாமாஸ் இரண்டுமே ஸ்வீடன் வீரர்களின் அணிகள். சைக்கிள் நகரமான கோபன்ஹேகனின் அஸ்ட்ராலிஸ் அணி அதே கேமில் நான்கு மேஜர் பட்டம் வென்றது. நீண்ட குளிர்காலம், ஊழியர்கள் வழியாக வீட்டுக்கு வீடு கணினி சேர 1998-ல் ஸ்வீடன் தந்த வரிச் சலுகை என அங்கே காரணங்கள் வேறு.

நம் கிராமங்களும் இதே பதிலைத்தான் சொல்கின்றன. ஊருக்கு வெளியே பொட்டல் காடு கிடக்க, கோயில் திண்ணையில் நாலு பசங்க ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருப்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததையும், மலிவான ஸ்மார்ட்போன்களையும் ஒதுக்கிவிட்டு இந்தியாவில் இந்த கேம்களின் கதையைச் சொல்லவே முடியாது. 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

ஆனால் அந்தத் திண்ணைக் காட்சியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நால்வரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்ஜ் தீர்ந்தால் போனை வைத்துவிட்டு எழுந்து பக்கத்திலேயே பேட்டைத் தூக்க முடியும். வேளச்சேரி ஃபிளாட்டில் சார்ஜ் தீர்ந்தால் பையன் சார்ஜரைத்தான் தேடுவான். ஆடுவதா வேண்டாமா என்பதை நகரத் திட்டம் தீர்மானிப்பதில்லை; ஆட்டத்துக்கு வெளியே வேறொன்று இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

சென்னைக் கணக்கு

சென்னையில் 'கிரவுண்டு' என்றால் விளையாட்டு மைதானம். அதே 'கிரவுண்டு' என்றால் 2,400 சதுர அடி மனையும்தான். இரண்டாவது அர்த்தம் முதலாவதைத் தின்றுவிட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள யாரும் இல்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது ரியல் எஸ்டேட் வட்டாரத்தில் 'ஓ.எஸ்.ஆர்.' என்று சொல்லப்படுவது, அதில் இப்படி இருக்கிறது: மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது வெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலம் தரலாம். தர முடியாவிட்டால் அதற்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 3,000-க்குக் கீழே எதுவும் தேவையில்லை. 3,000 சதுர மீட்டர் என்பது பதின்மூன்று கிரவுண்டுக்கும் மேல். நகருக்குள் பழைய வீட்டை இடித்து எழும்பும் அபார்ட்மென்ட்டுகளில் மிகப் பல இந்த அளவை எட்டுவதே இல்லை.

நிலம் கிடைத்தாலும் எவ்வளவு? 10,000 சதுர மீட்டரில் 10 சதவீதம் என்பது 1,000 சதுர மீட்டர். ஒரு முழுக் கால்பந்து மைதானத்துக்கு 7,000 சதுர மீட்டர் வேண்டும். எனவே, அந்தத் துண்டு நிலம் நடைபாதை, நாலு பெஞ்ச், கொஞ்சம் புல்வெளி என்று 'பார்க்' ஆகிறது. வாசலில் 'இங்கு பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு போர்டு. வாக்கிங் போகும் அங்கிளுக்கும் பந்து அடிக்கும் பையனுக்கும் சண்டை மூட்டிவிட்டது நிலத்தின் அளவுதான். இரண்டு பேருமே பாவம்.

கார் விஷயத்தில் இந்தக் கஞ்சத்தனம் இல்லை. ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் என்று விதி துல்லியமாகச் சொல்கிறது. அந்தக் கணக்கு சரியாக இல்லையென்றால் கட்டடத்துக்கு அனுமதியே சிக்கல். மனிதருக்கு? மத்திய அரசின் 2014 நகர்ப்புறத் திட்ட வழிகாட்டுதல்கள் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நல்லது என்கின்றன. ஏறக்குறைய ஒரு கார் நிற்கும் இடம். வித்தியாசம் என்னவென்றால், காருடையது கட்டாயம், மனிதருடையது பரிந்துரை. அப்படிக் கட்டாயமாக வாங்கிய பார்க்கிங்கில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் அசோசியேஷன் குரூப்பில் நோட்டீஸ் வரும்.

காசு இருப்பவர்களுக்கு டர்ஃப் இருக்கிறது. மணிக்கணக்கில் புக் செய்து, பத்துப் பேர் ஜி-பே-யில் பங்கு போட்டுக்கொள்ளலாம். சம்பளம் வாங்குபவர்களுக்கு இது சரி. பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்கு வாரத்துக்கு ஒருமுறைகூடக் கட்டுப்படியாகாது. அவனுக்கு இலவச டவுன்லோடு இருக்கிறது. சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்கள் சிலவற்றைத் தனியார் பராமரிப்பில் விட்டுக் கட்டணம் வசூலிக்க 2025-ல் முடிவெடுத்தபோது எதிர்ப்பு வெடித்ததும், முடிவு உடனே திரும்பப் பெறப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான் புரியும்.

பெண்களுக்கு இரண்டு இடத்திலும் கதவு மூடல்

மைதானம் இருந்தாலும் அது பெரும்பாலும் பையன்களின் மைதானம். காரணமே இல்லாமல் தெருவில் நிற்பதற்கும் பெண்களுக்கு உரிமை உண்டு என்று மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் எழுதிய புத்தகம் இந்தியாவில் பெரிய விவாதத்தையே கிளப்பியது. பொதுக் கழிப்பறை, தெருவிளக்கு, கடைசி பஸ் நேரம் எல்லாமே அந்த உரிமையில் அடக்கம். கேம் இந்தத் தடைகளைத் தாண்டுகிறது. நள்ளிரவிலும் எரேங்கலில் ஒரு பெண் சுற்றலாம். ஆனால் மைக் ஆன் செய்த மறு நிமிடம் வரும் கமென்ட்டுகள் காரணமாக, வாயே திறக்காமல் ஆடும் பெண்கள் ஏராளம். தெருமுனைப் பழக்கம் அப்படியே உள்ளேயும் வந்துவிட்டது.

தடை போட்டால்?

இந்தியா இதுவரை கையில் எடுத்தது ஒரே ஆயுதம். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் பப்ஜிக்குத் தடை விதித்து, ஆடிய இளைஞர்களைக் கைதுகூட செய்தது. 2020 செப்டம்பரில் 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது; அவற்றில் பப்ஜி மொபைலும் ஒன்று. இதற்குக் காரணம் விளையாட்டுத் திடல் அல்ல, சீனாவோடு எல்லைப் பதற்றமும் தரவுப் பாதுகாப்பும். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. அதன் மேக்ஸ் பதிப்பு இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ-யும் போனது. 2023 மே மாதம் மீண்டும் வந்தபோது 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. ஒவ்வொரு முறையும் ஆடுபவர்கள் அடுத்த கேமுக்கு மாறினார்கள். மாலையில் மைதானத்துக்கு மாறியதாக யாரும் சொல்லவில்லை. மாறுவதற்கு மைதானமும் புதிதாக வந்துவிடவில்லை.

என்ன செய்யலாம்?

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்காகத் தயாராகிறது. இரண்டாவது திட்டம் வந்தது 2008-ல். இதுபோன்ற திட்டங்களின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் எழுத்துபூர்வமாக ஆட்சேபணையும் ஆலோசனையும் தரலாம். ஓ.எஸ்.ஆர். நிலத்துக்குப் பதில் பணம் கட்டும் வசதி தொடர வேண்டுமா, பள்ளி மைதானங்களை மாலையில் திறந்துவிட முடியுமா, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன பார்க்குகளுக்குப் பதில் வார்டுக்கு ஒரு பெரிய திடல் கேட்கலாமா என்பதெல்லாம் அங்கே எழுப்ப வேண்டிய கேள்விகள்.

அதற்கு முன், பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் குடியிருப்பவர்கள் ஒன்று செய்யலாம். வீடு வாங்கும்போது தந்த அனுமதி வரைபடத்தை எடுத்து, அதில் 'ஓ.எஸ்.ஆர்.' என்று குறித்திருக்கும் இடம் எங்கே என்று பார்க்கலாம். தானப் பத்திரம் போட்டுக் கொடுத்த பிறகு அது உள்ளாட்சியின் சொத்து, பொதுமக்களுக்கான இடம். அந்த இடம் இப்போது வளாகத்தின் கேட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?